என் போனில் எனக்குப் பன்னிரண்டு வயது

கட்டாரிலிருந்து என் கணவர் அனுப்பிய போன், ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு மருதமுனையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்து தந்தார். பெட்டி ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது.

"நான் எல்லாம் செட் பண்ணித்தான் அனுப்பியிரிக்கன். நீ சிம்ம மட்டும் போடு. வேற ஒண்டும் நோண்டாத" என்று அன்றே அழைத்துச் சொன்னார்.

எனக்கென்று புது மின்னஞ்சல் ஒன்றையும் அவரே திறந்திருந்தார். பழையதன் கடவுச்சொல்லை நான் மறந்துபோனது உண்மை. அதை அவரிடம் சொன்னதும் நான்தான். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்? என் பழைய போனின் கண்ணாடி உடைந்து, ஒரு மூலையில் எழுத்தே தெரியாமல் கிடந்தது. புதியதில் மகளைப் படம் எடுத்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவருக்கு அனுப்பினேன்.

என் வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு இந்த வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். அவள் அப்போது ஏழாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முப்பத்தைந்து வயது. உயர்தரம் சித்தியடைந்து, கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் ஒரு பாடசாலையில் தற்காலிகமாகப் படிப்பித்தவள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததைக் கேட்கும்போது ஞாபகம் இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் தொழுகை நேரம் காட்டும் செயலி ஒன்றை இறக்கப் பார்த்தேன். திரையில் ஒரு பெட்டி வந்தது. அனுமதி கேட்கும்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை விரலால் அமத்தினேன். இரண்டு நிமிடத்தில் செயலி தானாக இறங்கியது.

"எண்ட பேங்க் காட் அதில கிடக்கு. தெரியாம ஏதும் வாங்கிட்டா காசு போயிரும். அதுக்காகத்தான் எனக்கிட்ட கேக்கும்" என்றார்.

சரி என்று விட்டுவிட்டேன். அதில் நியாயமும் இருந்தது. அதற்கு முந்திய வருடம் மகள் பெரிய திரையுள்ள தன் டெப்பில் ஒரு விளையாட்டு விளையாடி, அதில் ஓடும் பொம்மைப் பிள்ளைக்குச் சட்டை வாங்குகிறேன் என்று அவருடைய பேங்க் காட்டில் கைவைத்துவிட்டாள். அவளுடைய டெப்புக்குப் பூட்டுப் போடச் சொன்னதே நான்தான். அவர் கட்டாரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் இங்கே டெப்பைப் பிடித்துக்கொண்டு அமத்தினேன். அதன் பிறகு அவள் எதை இறக்கினாலும், எதை வாங்கப் பார்த்தாலும், வாப்பா அனுமதித்தால்தான் உண்டு. நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் டெப்பும் ஓடாது.

ஒரு மாதம் போனதும் அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். அகராதி கேட்டேன், விட்டார். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒன்றைக் கேட்டேன், "ஆருக்குப் படம் அனுப்பப் போற?" என்றார். கொழும்பு பஸ்ஸுக்கு இருக்கை பதியும் செயலியைக் கேட்டேன், "நீ எங்க போகப் போற?" என்றார். செய்தி பார்க்க ஒன்று கேட்டேன், "அதில வாறதெல்லாம் பொய்" என்றார். ஒவ்வொரு தடவையும் என் போனில் ஒரு சின்ன மணியடித்து, மறுக்கப்பட்டது என்று வரும். குசினி அடுப்படியில் நின்றாலும் தொழுகைப் பாயில் இருந்தாலும் அந்த மணி எனக்குத் தனியாகக் கேட்கத் தொடங்கிவிட்டது.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த என் போனை மகள் எட்டிப் பார்த்தாள்.

"உம்மா, இது எண்ட டெப்பில வாற ஸ்க்ரீனெல்லா?"

"என்ன ஸ்க்ரீன்?"

"பெற்றோரிட்ட கேளுங்க எண்டு கிடக்கு. உங்கட பெற்றோர் ஆரு உம்மா?"

அந்த ஆங்கிலச் சொல்லை நானும் பல தடவை பார்த்திருக்கிறேன். கம்பனிக்காரர் எல்லாருக்கும் பொதுவாகப் போடும் சொல் என்று கடந்து போயிருந்தேன். மகளுக்கு அப்படிக் கடக்கத் தெரியவில்லை. போனைக் கையில் எடுத்து, தன் டெப்பில் பழகிய விரலால் இரண்டு மூன்று இடத்தைத் தட்டி, என் கணக்கின் விபரத்தைத் திறந்து காட்டினாள். பெயர் என்னுடையது. பிறந்த நாளும் மாதமும் என்னுடையவை. வருடம் அவளுடையது.

"நீங்க என்னவிட மூணு மாசம்தான் மூப்பு உம்மா" என்று சொல்லி அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் கையைக் கழுவினேன். தேங்காயை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு எத்தின வயசு?" என்று கேட்டேன் அவர் எடுத்ததும்.

"என்ன கத இது?"

"போனில எனக்குப் பன்னெண்டு வயசெண்டு கிடக்கு. எண்ட வயசு உங்களுக்குத் தெரியாதா?"

"அது சும்மா. வயசு கூடப் போட்டா கண்ட்ரோல் பண்ண விடாது. அதுக்காகப் போட்டது" என்றார்.

"ஆரக் கண்ட்ரோல் பண்ண?"

"ஒன்ன இல்ல. போன."

போன் என் கையில்தானே இருந்தது.

அவருக்கும் ஒரு கதை இருந்தது. அவருடைய அறையிலிருந்த ஒருவரின் மனைவி, ஊரில் ஏதோ ஒரு செயலியை இறக்கியிருக்கிறாள். அதை நடத்தியவர்கள் அவள் போனிலிருந்த படங்களை எடுத்து, மாற்றி, அவளை மிரட்டியிருக்கிறார்கள். அந்த மனிதர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு ஓடினாராம். "அவன் அழுதத நான் பாத்த. நீ பாக்கல்ல" என்றார். அந்தப் பெண்ணுக்காக எனக்கும் மனம் எரிந்தது. ஆனால் அவள் அழுததைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"எனக்கிட்ட அதச் சொல்லியிருந்தா நானே கவனமா இருந்திருப்பன். சொல்லாம என்னத்துக்குப் பூட்டின?"

"சொன்னா நீ இப்பிடித்தான் சத்தம் போடுவ. அதுக்குத்தான் சொல்லல்ல."

அன்றிலிருந்து நாங்கள் ஒழுங்காகக் கதைத்தது குறைவு.

ஆவணி மாதம் முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் வீடியோவில் வகுப்பு, மாதத்தில் ஒருநாள் கல்முனையில் நேரடிப் பயிற்சி. படிப்பவர்கள் முழுவதும் பெண்கள். படிப்பிப்பவரும் ஒரு பெண். இடம் கிடைத்தது. வகுப்புக்கான செயலியை இறக்கக் கேட்டேன். மணியடித்தது. மறுக்கப்பட்டது.

"வீடியோவில மூஞ்சி காட்டிப் படிக்கோணுமா இப்ப?" என்றார்.

"எல்லாரும் பொம்புளயள்."

"அங்கால போனப் புடிச்சிக்கிட்டு ஆரு இரிக்கான் எண்டு ஒனக்குத் தெரியுமா? நான் இஞ்ச கிடந்து மாடா உழைக்கன். ஒனக்கு என்ன கொறச்சல்?"

அடுத்த நாளே மகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, கல்முனை பஸாரில் போன் திருத்தும் கடையொன்றுக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர். போனை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார்.

"இது சின்னப் புள்ளைர போனெல்லா ராத்தா."

"எண்ட போன்."

"இல்ல, இதில வயசு பன்னெண்டு கிடக்கு. பெற்றோர் பூட்டிரிக்காங்க. கழட்டுறதெண்டா அவங்கட பாஸ்வேர்ட் வேணும். புள்ளைர வாப்பாவக் கூட்டிட்டு வாங்க."

"நான்தான் அந்தப் புள்ள" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பக்கத்தில் கவர் வாங்க நின்ற இரண்டு பெண்களும் பார்த்தார்கள். அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "எல்லாத்தயும் அழிச்சிப் பாக்கலாம். ஆனா மறுகா திறக்கக்குள்ளயும் பழைய பாஸ்வேர்டத்தான் கேக்கும்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் போன் அவர் கையிலேயே அடித்தது. திரையில் என் கணவரின் படம். கடைக்காரர் சூடு பட்டவர் மாதிரி போனை என்னிடம் நீட்டினார்.

"கல்முனையில என்ன செய்ற?" என்றார் கணவர்.

நான் கல்முனைக்குப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. நான் எங்கே நிற்கிறேன் என்பதும் அவருக்குத் தெரிகிறது. எத்தனை நாளாகத் தெரிகிறது? பக்கத்து வீட்டு வளவில் கதைத்துக்கொண்டிருந்தது, கடற்கரைக்கு மீன் வாங்கப் போனது, மையத்து வீடுகளுக்குத் துக்கம் கேட்கப் போனது, எல்லாம் அவர் போனிலுள்ள வரைபடத்தில் புள்ளியாக நகர்ந்திருக்கும். கடைக்கு முன்னால் பஸ்கள் இரைந்துகொண்டு போயின. எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம்.

"மீன் வாங்க வந்த" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அந்த ஒரு பொய்க்காகவும் நான் அவரை மன்னிக்கவில்லை. சொல்லத் தேவையில்லாத இடத்தில் என்னைப் பொய் சொல்ல வைத்தார்.

"பழைய போன் ஒண்டு தரட்டா ராத்தா? குறைச்சுத் தாறன்" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். இன்னொரு போனை ஒளித்துவைத்துப் பாவித்தால் அவர் நினைத்தது சரி என்று ஆகிவிடும்.

வகுப்பு தொடங்கும் சனிக்கிழமை வந்தது. மகளின் டெப்பில் அந்தச் செயலி இருந்தது. பாடசாலை மூடிக்கிடந்த காலத்தில் அவளுடைய பாடங்களுக்காக அவரே அனுமதித்தது. பிள்ளைக்குத் தந்ததை எனக்குத் தரவில்லை. மகளிடம் டெப்பைக் கேட்டு வாங்கி, வகுப்புக்குள் போனேன். திரையில் எனக்குரிய கட்டத்துக்குக் கீழே மகளின் பெயர் விழுந்தது. மாற்றப் பார்த்தேன், முடியவில்லை.

"மகள், உம்மாட டெப்பத் தெரியாம அமத்திட்டீங்களா? உம்மாவக் கூப்பிடுங்க" என்றார் படிப்பிப்பவர், நான் கமராவைத் திறப்பதற்கு முன்.

"நான்தான் மிஸ். போன் பழுது. மகள்ட டெப்பில வந்திரிக்கன்."

அதன் பிறகும் அவர் மறந்துபோய் மகளின் பெயரைச் சொல்லித்தான் என்னிடம் கேள்வி கேட்டார். நானும் அந்தப் பெயருக்குப் பதில் சொன்னேன்.

மூன்றாவது கிழமை, நாலு வயதுப் பிள்ளை பொய் சொன்னால் என்ன செய்வது என்பது பற்றி நான் கதைத்துக்கொண்டிருந்தபோது திரை கறுத்தது. இன்றைய நேரம் முடிந்துவிட்டது என்று எழுத்து வந்தது. மகள் காலையில் இருந்தே வீடியோ பார்த்து, அன்றைய இரண்டு மணித்தியாலத்தில் முக்கால்வாசியைத் தீர்த்திருந்தாள்.

"என்னத்துக்குப் பாத்த? எனக்குக் கிளாஸ் எண்டு தெரியாதா?" என்று கத்தினேன்.

"எண்ட டெப்தானே."

"வாப்பாட்ட கேட்டு ஒரு மணித்தியாலம் கூட்டச் சொல்லு."

"நீங்களே கேளுங்க. நீங்கதானே பூட்டுப் போடச் சொன்ன" என்றாள். அவள் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை. ஒரு திருப்தி. அதைப் பார்த்தபோது அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கியதை இரண்டு பேரும் பார்த்தோம்.

அவள் கடைசியில் கேட்டாள். அவர் நேரத்தைக் கூட்டினார். ஆனால் சனிக்கிழமை பின்னேரங்களில் அந்தச் செயலி ஒன்றரை மணித்தியாலம் ஓடியிருப்பது டெப்பிலிருந்து அவருக்குப் போகும் அறிக்கையில் கிடந்திருக்கிறது. மகளிடம் விசாரித்தார். அவள் சொல்லிவிட்டாள். அன்று ராத்திரியே செயலி டெப்பிலிருந்து மறைந்தது.

மறுநாள் நான் அவரை அழைத்துச் சொன்னவை எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன். "இந்த வீட்டு உறுதி எண்ட பேரில கிடக்கு. எண்ட பேரில கிடக்கிற வீட்டில இருந்து எண்ட மூஞ்சியக் காட்டிப் படிக்க உங்களுக்கிட்ட கேக்கோணுமா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து சேர்வது அவள் வீட்டுக்கு. அதைச் சொல்லிக் காட்டுவதைவிடப் பெரிய அவமானம் ஒரு மாப்பிள்ளைக்கு இல்லை. தெரிந்துதான் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் சாய்ந்தமருதுக்குப் பஸ்ஸில் போனேன். அந்த வகுப்பில் கூடப் படித்த ஒருத்தியின் வீட்டில், அவளுடைய போனுக்கு முன்னால் இரண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்து வகுப்பைப் பார்த்தோம். போகும்போது என் போனை வீட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது ஏழு எட்டு அழைப்புகள் வந்து கிடக்கும். குளித்தேன், தூங்கினேன், சார்ஜ் இல்லை என்று ஒன்றும் சொல்லவில்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தை மாதம் பிறந்து மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. சுபஹு தொழுதுவிட்டுப் போனை எடுத்தேன். என் பிறந்தநாள். யாரும் வாழ்த்துவதில்லை, நாங்கள் கொண்டாடுவதும் இல்லை. ஆனால் போன் வாழ்த்தியிருந்தது. எனக்குப் பதின்மூன்று வயது ஆகிவிட்டதாம். இனி என் கணக்கை நானே பார்த்துக்கொள்ளலாமாம். அல்லது பெற்றோரின் மேற்பார்வையிலேயே தொடரலாமாம். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லிக் கேட்டது.

மூன்று தடவை வாசித்தேன். அவர் பொய்யாகப் போட்ட வருடம் தன்பாட்டில் ஓடி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அவருக்கும் முன்கூட்டியே அறிவித்தல் போயிருக்க வேண்டும். மின்னஞ்சலைத் திறந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

நானே பார்த்துக்கொள்கிறேன் என்பதை அமத்தினேன். இன்னொரு தடவை நிச்சயமாகவா என்று கேட்டது. மறுபடியும் அமத்தினேன். பிறகு வகுப்புச் செயலியைத் தேடி இறக்கினேன். யாரையும் கேட்கவில்லை. அது இறங்கி முடியும்வரை ஈரச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். அழுதேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அழவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டு நிற்கிறேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவருடைய போனிலிருந்து என் புள்ளி மறைந்திருக்க வேண்டும், அரை மணித்தியாலத்தில் அவர் அழைத்தார்.

"என்ன செஞ்ச?"

"எனக்கு வயசு வந்திட்டு" என்றேன்.

பதினொரு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. மகளின் டெப்புக்குத்தான் அழைத்தார். நான் கேட்கும்படியாக அவளிடம் என்ன சாப்பிட்டாய், என்ன படித்தாய் என்று விசாரித்தார். பன்னிரண்டாம் நாள் என் காக்கா வந்தார். என் ஒரே அண்ணன், சம்மாந்துறையில் வயல் செய்கிறார். என் கணவரிடமிருந்து அவருக்கு அழைப்புப் போயிருக்கிறது. கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை அவர் விஷயத்தை எடுக்கவில்லை.

"அவன் ஒண்ட நல்லதுக்குத்தானே செஞ்சிரிக்கான் தங்கச்சி. ஒளிக்க ஒண்டுமில்லாட்டி என்னத்துக்கு இந்தச் சண்ட?"

"உங்கட போனத் தாங்க காக்கா."

"என்னத்துக்கு?"

"மதினிக்கிட்ட குடுத்து, அவ சொல்றத மட்டும் வச்சிக்கிங்க. நீங்க எங்க போறீங்க எண்டும் அவ பாக்கட்டும்."

காக்காவின் கை அவரை அறியாமல் சட்டைப் பைக்குப் போனது. போனை மேலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நீ எப்பவும் இப்பிடித்தான்" என்று சொல்லி எழுந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையைத் திரும்ப எடுக்கவில்லை.

நோன்பின் கடைசிக் கிழமையில் கணவர் விடுமுறையில் வந்தார். வந்த மறுநாள், நான் கொடுக்காமலே என் போனை எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நான் தடுக்கவில்லை. கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழுகை நேரம், அகராதி, வகுப்பு, பஸ் இருக்கை, பிள்ளைகளுக்குக் கடதாசியில் பொம்மை மடிக்கக் காட்டித்தரும் ஒன்று. அவ்வளவுதான்.

"இதுக்குத்தானா இவ்வளவு சண்டையும்?" என்றார்.

"இதுக்குத்தானா இவ்வளவு பூட்டும்?" என்றேன்.

போனை மெத்தையில் எறிந்துவிட்டு வெளியே போனார். பெருநாளைக்குப் புதுச் சாரனும் சட்டையும் உடுத்தி, எல்லார் வீட்டுக்கும் என்னோடு வந்தார். வழியில் இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்கவில்லை. போன வீடுகளிலெல்லாம் சிரித்தோம்.

பெருநாள் முடிந்து அவர் திரும்பிப் போவதற்கு முன், சித்திரையில் மகளுக்குப் பதின்மூன்று வயதானது. அவளுடைய டெப்பிலும் அதே வாழ்த்து, அதே கேள்வி. அவள் டெப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் இரண்டு பேரும் இருந்த இடத்துக்கு ஓடிவந்தாள்.

"உம்மா, எனக்கும் வந்திட்டு! நான் அமத்தப் போறன்."

நான் எழுந்து அவள் கையிலிருந்து டெப்பைப் பறித்தேன். யோசிக்கவில்லை. கை தானாகப் போனது.

"இன்னம் காலம் கிடக்கு ஒனக்கு. மேற்பார்வை எண்டதயே அமத்து."

"நீங்க அமத்தினீங்கதானே!"

அவர் கதிரையில் சாய்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த விடுமுறையில் அவர் மனசாரச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "இப்ப வெளங்குதா?" என்றார்.

"என்ன வெளங்க? அவ புள்ள. நான் புள்ள இல்ல. அந்த வித்தியாசம் வெளங்காதது உங்களுக்குத்தான்."

மகளுக்கும் அந்த வித்தியாசம் விளங்கவில்லை. அவளை உட்கார வைத்துச் சொன்னேன். வாங்குவதற்கு மட்டும் பூட்டு இருக்கும், புதிதாக ஏதும் இறக்குவதென்றால் என்னிடம் கேள், மறுத்தால் ஏன் என்று சொல்வேன், உனக்குத் தெரியாமல் ஒன்றும் செய்ய மாட்டேன் என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சி பூட்டினா என்ன, தெரியாமப் பூட்டினா என்ன உம்மா? பூட்டுத்தானே" என்றாள். நான் தலைக்கு மேலே நின்றதால் நான் சொன்னதையே அமத்திவிட்டு, டெப்பைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனாள். நாலு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

என்னிடம் கேள் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் கேள்வி என்னிடம் வருவதற்கு வழி இருக்கவில்லை. அவளுடைய டெப்புக்குப் பெற்றோர் அவர் மட்டும்தான். என்னையும் சேர்க்கப் பார்த்தால், என் கணக்கு ஏற்கவில்லை. எனக்குப் பதின்மூன்று வயதுதானே. பதின்மூன்று வயதுக்காரி யாருக்கும் தாயாக முடியாது. பிறந்த வருடத்தைத் திருத்த அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னது. அட்டையை மேசையில் வைத்து, வெளிச்சம் விழாமல் நாலு தடவை எடுத்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. என் வயது முப்பத்தாறு என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் அவர் கட்டாருக்குத் திரும்பிவிட்டார். என்னையும் பெற்றோராகச் சேர்ப்பதற்கு அவர்தான் அவருடைய போனிலிருந்து எனக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். ஒரு தடவை கேட்டேன். "பாப்பம்" என்றார். ஒரு மாதமாகிறது. அழைப்பு வரவில்லை.

ஆனால் மகள் கேட்பதற்கெல்லாம் இப்போது இரண்டு நிமிடத்தில் அனுமதி வருகிறது. முந்தி ஒரு விளையாட்டுக்கு மூன்று நாள் கெஞ்ச வைத்த அதே மனிதர், ஒரே கிழமையில் ஆறு விளையாட்டுகளை விட்டார். நேரக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார். அது அவளுக்குக் கொடுத்த சலுகை இல்லை, எனக்குக் கொடுத்த அடி. அவளுக்கு அது தெரியாது. "வாப்பா நல்லம், நீங்கதான் கூடாது" என்கிறாள் என் முகத்துக்கு நேரே.

போன வெள்ளிக்கிழமை அவள் பாடசாலை வேலையைத் தொடாமல் மூன்று மணித்தியாலம் அதோடு கிடந்தாள். டெப்பை எடுத்து, உடுப்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் அழுதுகொண்டே என் போனை எடுத்து வாப்பாவுக்கு அடித்தாள். அவர் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"டெப்ப என்னத்துக்குப் பூட்டின? நான்தானே விட்டிரிக்கன்."

"நீங்க டெப்ப விட்டிரிக்கீங்க. நான் அலுமாரியப் பூட்டிரிக்கன். அதத் திறக்கிறதெண்டா இஞ்ச வரோணும்."

அவர் ஏதோ கத்தினார். போனை மகளிடமே கொடுத்துவிட்டு, அடுத்த நாள் வகுப்புக்கு மடிக்க வேண்டிய கடதாசிகளை எடுத்து வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு மகள் கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து, என்னைப் பார்க்காமல், மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்து எழுதத் தொடங்கினாள்.